மோலி மீன் தொட்டியோடு கொடுத்த மென்னீர்ப் பை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
அனுப்புநர்: பல்லடம் வாடிக்கையாளர்

ஐயா,

வணக்கம். உங்கள் தொட்டியின் ஃபில்டருக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்த அந்தப் பழுப்புக் குருணைப் பையை, அதாவது தண்ணீரை மென்னீராக்கும் பையைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். போனில் சொல்லியாச்சு, மெயில் போட்டாச்சு, நேரிலும் வந்தாச்சு. யாரைக் கேட்டாலும் ‘கம்ப்ளெய்ன்ட் பதிவாயிருக்குங்க’ என்ற ஒரே பதில்தான்.

எங்கள் தோட்டத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணி. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். மோலிக்கு அதுதான் அமிர்தம். தண்ணீரின் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் அளவு) 15 முதல் 30 டிகிரி, பிஎச் 7.5 முதல் 8.5, சூடு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் என்பது மோலி வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். சிமெண்ட் தொட்டியில் அந்தத் தண்ணியிலேயே குட்டி மேல் குட்டி போட்டுப் பெருகிய மீன்கள் இவை. உங்கள் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றிய பிறகு துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நீந்தாமல் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்ட ஆரம்பித்தன. அப்புறம் ஒவ்வொன்றாக மிதந்தன. உங்கள் பை தண்ணீரில் இருந்த கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பெட்டி மேல் மோலி படம் வேறு!

கோவை காந்திபுரம் சர்வீஸ் சென்டருக்கு வந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கேனில் தொட்டித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி டிடிஎஸ் பேனாவை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) முக்கிவிட்டு, ‘டிடிஎஸ் குறையவே இல்லையே, பை மேல என்ன தப்பு?’ என்றார். கால்சியம் போய் சோடியம் வந்தால் டிடிஎஸ் பெரிதாக எப்படி மாறும்? கடினத்தன்மை பார்க்கும் கிட் கேட்டேன், இல்லையாம். ‘ஆர்ஓ கேன் தண்ணி ஊத்துங்க’ என்று யோசனை வேறு. கால்சியம் ஏறக்குறைய இல்லாத அந்தத் தண்ணியில் மிச்சமிருப்பதும் சாகட்டும் என்றா? கடைசியில் சிரித்துக்கொண்டே, ‘முப்பது ரூபா மீனுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?’ என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சரி, சின்னப் பையன், விட்டுவிடலாம். ஆனால் போனில் பேசிய அம்மா ஒரு கைப்பிடி சமையல் உப்பு போடச் சொன்னாரே, அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்? மோலி உப்பைத் தாங்கும், ஒத்துக்கொள்கிறேன். போன கால்சியத்தை அந்த உப்பு கொண்டுவருமா?

எனக்கு ஒரு வம்சமே போச்சு. என் மகள் இரண்டு வேளை சாப்பிடவில்லை. தயவுசெய்து தொட்டியின் முழு விலையைத் திருப்பித் தாருங்கள். பெட்டியிலிருந்து மோலி படத்தை எடுங்கள். மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் கேட்டாலும் தகும்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தடவை பஸ் ஏறி வர வேண்டியது நீங்கள். அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பில் நகல் இணைத்துள்ளேன். பையை உலர்த்தி வைத்திருக்கிறேன், ஆளனுப்பினால் தருகிறேன்.

இப்படிக்கு,
பல்லடம் வாடிக்கையாளர்