லோயர் பெர்த் இரண்டாவது கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரிலிருந்து டிசம்பர் விடுமுறைக்குப் பெற்றோரைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போய் அங்கே ரயிலில் ஊருக்குச் செல்கிறவர்கள் லிட்டில் இந்தியா பயண முகவர்களிடம் முதலில் கேட்பது, "லோயர் பெர்த் (கீழ்ப் படுக்கை) கிடைக்குமா?" என்பதைத்தான். சக்கர நாற்காலியோ வாக்கரோ பயன்படுத்துபவர் ரயில் பெட்டிக்குள் ஏற முடியுமா என்று கேட்பவர் குறைவு.

எம்ஆர்டி நகர ரயிலில் நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றிப் பழகிய நமக்கு இது உறைப்பதில்லை. தமிழ்நாட்டின் பெரிய நிலையங்களில்கூட நடைமேடை தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 80 செ.மீ. உயரம்தான், பெட்டியின் தளம் 130 செ.மீ. இடையிலுள்ள அரை மீட்டரைக் குறுகலான இரும்புப் படிகளில் ஏறித்தான் கடக்க வேண்டும். புறப்படுமுன் உங்கள் அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் ஒத்திகை பாருங்கள்: கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்னால் ஒருவர் தாங்க, இரண்டு படி ஏற முடிகிறதா? ரயில் படி அதைவிட உயரம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

சென்னை விமான நிலையத்துக்குத் தாம்பரம் ரயில் நிலையம் பக்கம் என்பதற்காக அங்கே ஏறத் திட்டமிடுவது பலர் செய்யும் தவறு. எழும்பூரிலிருந்து வரும் தென்மாவட்ட ரயில்கள் அங்கே ஓரிரு நிமிடமே நிற்கும். எழும்பூரில் புறப்படும் ரயில் முன்கூட்டியே நடைமேடைக்கு வந்துவிடும். நிலையத்தில் நாற்காலி கேட்டு வாங்கி, போர்ட்டரிடம் கூலி பேசி, நிதானமாக ஏற்றலாம். அரை மணி நேரக் கார் பயணம் கூடினாலும் எழும்பூரே மேல்.

இப்போது லோயர் பெர்த். 60 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கும் 45 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. அந்த வயதுடையவர் தனியாகவோ, அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தோ பதிவு செய்தால்தான் அது செல்லும். துணைக்கு வரும் 30 வயது மகனை அதே டிக்கெட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு போய்விடும். பெற்றோருக்கு ஒரு டிக்கெட், மகனுக்கு வேறொன்று என்று பிரித்துப் போடுங்கள். பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது. மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

மூன்றடுக்கு ஏசியைவிட இரண்டடுக்கு ஏசிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். மூன்றடுக்கில் நடு பெர்த்தை இரவு 10 மணிக்கு விரித்துவிட்டால், கீழே இருப்பவர் காலை 6 வரை நிமிர்ந்து உட்கார முடியாது. கழிவறைக்கு எழ வேண்டுமென்றால் குனிந்து, முழங்காலில் பாரம் வைத்துத்தான் வெளியே வர வேண்டும். பக்கவாட்டு லோயர் பெர்த் என்றால் இரண்டு இருக்கைகளைச் சாய்த்துச் சேர்த்தது. நடுவில் விளிம்பு உறுத்தும். இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்தவருக்கு ஒத்துவராது.

பெரிய சக்கரம் உள்ள நாற்காலி, 18 அங்குல இருக்கையாக இருந்தாலும், வெளி அகலத்தில் 25 அங்குலத்தைத் தொடும். கழிவறைகளுக்கு இடையே உள்ள நடையில் அது சிக்கும். சிறு சக்கர நாற்காலி இரண்டு மூன்று அங்குலம் குறுகல், எடையும் குறைவு. மடக்குமுன் கால்தாங்கிகளைக் கழற்றித் துணிப்பையில் போட்டு நாற்காலியோடு கட்டுங்கள். தொலைவது பெரும்பாலும் அவைதான். பெர்த்தின் அடியில் பயணப் பெட்டிகளைப் பூட்டும் இரும்பு வளையம் இருக்கும். நாற்காலியைப் பூட்டும் சங்கிலியை அதில் மாட்டலாம்.

ரயில் ஓடும்போது சக்கரம் வைத்த வாக்கர் வேண்டாம்; ஊன்றுகோலும் ஒருவர் கையும் போதும். கழிவறைத் தரை எப்போதும் ஈரம். ஊன்றுகோலின் ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் இங்கேயே மாற்றிவிடுங்கள், கோலின் விட்டத்தை அளந்து ஒரு ஜோடி கூடுதலாகவும் எடுத்துச் செல்லுங்கள்.

உட்கார முடிந்தவருக்குப் இருக்கைகள் மட்டுமே உள்ள பகல் நேர வந்தே பாரத் விரைவு ரயில் நல்லது. சென்னை எழும்பூர்–திருநெல்வேலி, எழும்பூர்–நாகர்கோவில் தடங்களில் ஓடுகிறது. இரு முனைப் பெட்டிகளிலும் நாற்காலிக்கு இடமும் அகலமான கழிவறையும் உண்டு. ஆனால் கதவுகள் தாமாக மூடிக்கொள்பவை. இறங்கும் நிலையத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வாசலருகே போய்விட வேண்டும். மடக்கிய நாற்காலியை முதலில் ஒருவர் இறக்கட்டும், அது விரிந்து நின்ற பிறகு பெரியவர் இறங்கட்டும்.

வாசகர்,
ஈசூன்