முடிச்சு மெதுவாக ஊருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த டிஎன்ஏ முடிச்சுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் ‘முடிச்சு சிக்கலாக ஆக, டிஎன்ஏ ஜெல்லுக்குள் மெதுவாக ஊரும்’ என்ற வரி வழக்கமான ஜெல்லில் நடப்பதற்குத் தலைகீழ். ஜெல் என்பது கூழ்ப்பலகை; அதற்குள் டிஎன்ஏவை மின்புலம் தள்ளிக்கொண்டு போகும்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 26 வருஷம் அந்த ஜெல்லுக்கான அகரோஸ் பொடியைக் காய்ச்சி ஊற்றியவள் நான். ஒரே பிளாஸ்மிட் (பாக்டீரியாவில் இருக்கும் வளைய டிஎன்ஏ), ஜெல்லில் இரண்டு மூன்று பட்டைகளாக நிற்கும். நீளம் ஒன்றுதான், முறுக்கேறிச் சுருண்டது முன்னால் ஓடிவிடும், முறுக்கு விட்ட வளையம் பின்தங்கும். சேர்ந்த புதிதில், எதையோ கலந்துவிட்டேன் என்று பயந்து ஜெல்லையே குப்பையில் போட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முடிச்சுக்கும் இதே கதை. முந்தானையில் சில்லறை முடிகிறோமே, அந்த முடிச்சு அல்ல. அதற்கு நுனி இருக்கிறது, அவிழ்த்துவிடலாம். கணிதக்காரர்கள் சொல்வது, முடிந்தபின் இரு நுனியையும் ஒட்டிவிட்ட கயிறு. வெட்டாமல் அவிழாது. 1996-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஸ்டாசியாக் என்ற ஆய்வாளரின் குழு, இத்தகைய முடிச்சுகளை மிகக் குறைந்த கயிற்றில் இறுக்கிய வடிவில் கணக்கிட்டது. அதில் இழைகள் சராசரியாக எத்தனை இடத்தில் குறுக்கிடுகின்றனவோ, அதற்கேற்ப நேர்கோட்டில் டிஎன்ஏவின் வேகமும் கூடியது.

மின்புலத்தைக் கூட்டினால்தான் குழப்பம். 2015-இல் மிக்கேலெட்டோ, மாரென்டுசோ, ஓர்லாண்டினி என்ற ஆய்வாளர்கள் மூவரும், டிஎன்ஏவுக்குப் பதிலாக முடிச்சிட்ட மணிச்சரங்களை, ஜெல்லுக்குப் பதிலாக ஒரு வலைக்குள் கணினியில் ஓடவிட்டார்கள். ஜெல் ஒழுங்கான கொசுவலை இல்லையே! அறுந்து தொங்கும் இழைகள் உண்டு. அவற்றில் வளையம் கோத்துக்கொள்ளும். மின்புலம் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க, பின்வாங்கிக் கழன்று வருவது கஷ்டம். அதனால் முதலில் முடிச்சின் சிக்கல் கூடக் கூட வேகம் குறைகிறது. ஓர் அளவுக்கு மேல் மறுபடி கூடுகிறது. முதலில் குறைந்த மின்புலம், பிறகு குறுக்குவாட்டில் கூடுதல் மின்புலம் என்று ஓட்டினால், பட்டைகள் வில்லாக வளைவது இதனால்தான். கணினியில் தொங்கும் இழைகளை எடுத்துவிட்டால் வில் நேர்கோடாகிறது. காய்ச்சி ஊற்றிய ஜெல்லில் இழை இழையாகப் பொறுக்க என்னால் முடியுமா?

ஆகவே அந்த வரியோடு ‘மின்புலம் கூடுதலாக இருந்தால், அதுவும் ஓரளவு வரை’ என்று சேர்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: கூட வந்த படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. மாதிரியை ஊற்றும் குழிகள் மேலே இருக்க வேண்டும்; டிஎன்ஏ அங்கிருந்துதான் கீழே ஓடும். கட்டுரையாளர் அந்தப் படத்தைப் பார்த்தே எழுதிவிட்டாரோ என்னவோ.

– ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி