ராத்திரிப் பேனாவும் ரப்பர் பேண்டும்

பாப்பாவுக்கு,

நேற்று போனில், "காலை இன்சுலின் ஊசி வேண்டாம்ப்பா, ரெண்டையும் சேர்த்து ராத்திரியே போட்டுக்கறேன்" என்றாய். பஸ்ஸில் நின்றுகொண்டு பேசுகிறவளிடம் என்ன வாதாடுவது என்று சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. பரணிலிருந்து உன் பழைய சுகர் நோட்டுகளை இறக்கினேன்.

முதல் நோட்டு, உனக்கு ஏழு வயசு. காலையும் ராத்திரியும் பால் மாதிரி கலங்கிய என்.பி.எச். என்ற பழைய வகை இன்சுலின் ஊசி. குப்பியை உள்ளங்கைக்குள் வைத்து உருட்டுவது உன் வேலை. குலுக்கினால் அம்மா கத்துவாள். அந்த மருந்து போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ராத்திரி போட்டது நள்ளிரவு தாண்டி வேலையைக் காட்டும், சுகர் இறங்கிவிடும். "2 மணி: 54, சர்க்கரைத் தண்ணீர்" என்று எத்தனை பக்கத்தில் எழுதியிருக்கிறாள் உன் அம்மா!

கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினுக்கு மாற்றியபோது வீட்டில் திருவிழாதான். பெரிய உச்சம் கிடையாது, நாளுக்கு ஒரு தடவை போதும். ஆனால் கலங்கலைப் பார்த்து அடையாளம் கண்டு பழகிய கண்ணுக்கு, இப்போது நீண்ட நேர ஊசியும், சாப்பாட்டுக்காகப் போடும் வேகமான ஊசியும் ஒரே மாதிரித் தெளிந்த தண்ணீர். ஒரு ராத்திரி நானே ஊசிப் பேனாவை மாற்றி எடுத்து, சாப்பாட்டு ஊசியில் 14 யூனிட் போட்டுவிட்டேன். விடியும்வரை குளுக்கோஸ், வாழைப்பழம், கால் மணிக்கொரு தடவை விரலில் குத்தல். நீ தூக்கக் கலக்கத்தில் என்னைத் திட்டிக்கொண்டே மென்றாய். ராத்திரிப் பேனாவில் ரப்பர் பேண்ட் சுற்றும் வழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

பதினொன்றாம் வகுப்பு நோட்டைத்தான் நீ பார்க்க வேண்டும். ராத்திரி 9 மணிக்கு ஊசி. தினமும் சாயங்காலம் 6 மணிக்கு மேல் சுகர் 220, 250. டியூஷனுக்குப் போகிற வழியில் முறுக்கு தின்கிறாய் என்று உன்னைக் குடைந்து எடுத்தேன். நீ அழுதாய். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, கிளார்ஜின் எல்லார் உடம்பிலும் முழுசாக 24 மணி நேரம் நிற்காது, குறைந்த யூனிட் போடுகிறவர்களுக்குச் சீக்கிரமே தீர்ந்துபோகலாம் என்றார். அதைக் காலை, ராத்திரி என்று இரண்டாகப் பிரித்ததும் அந்தச் சாயங்கால ஏற்றம் அடங்கியது. அப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. இப்போது கேட்கிறேன்.

அதனால்தான் பயப்படுகிறேன். இரண்டையும் சேர்த்து ராத்திரி போட்டால், தூங்கும்போது சுகர் ரொம்ப இறங்கி லோ ஆகலாம், சாயங்காலம் பழையபடி மருந்து காலியாகலாம். ஒரே ஊசிதான் வேண்டுமென்றால் டெக்லுடெக் என்ற இன்னொரு நீண்ட நேர இன்சுலின் பற்றி டாக்டரிடம் கேள். 42 மணி நேரத்துக்கு மேல் நிற்கும், ஒருநாள் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தாங்கும். ஆனால் அளவு உடம்பில் நிலைக்க மூணு நாலு நாள் ஆகும், தினம் தினம் கூட்டிக் குறைக்கக் கூடாது. எத்தனை யூனிட்டில் ஆரம்பிப்பது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

வாரம் ஒரு ஊசி என்று நீ அனுப்பிய ஐகோடெக் செய்தியையும் படித்தேன். உன்னை மாதிரி உடம்பு இன்சுலினை அநேகமாகச் சுரக்காத டைப் 1 ஆட்களிடம் சோதித்ததில், ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாசச் சராசரிச் சுகர், தினசரி ஊசிக்குச் சமமாக இருந்தாலும் லோ சுகர் அதிகமாம். போட்டது வாரம் முழுக்க உள்ளே இருக்கும், திரும்ப எடுக்க முடியாது. எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரைப் பார்க்கும் முன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சாயங்காலம் மருந்து எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிறு மட்டும் மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு 4 மணியிலிருந்து 9 மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் மணிக்கொரு தடவை சுகர் பார்த்து எழுது. 70க்குக் கீழே போனால் உடனே சாப்பிட்டுவிடு, சோதனை கிடக்கட்டும். அந்த எண்களை எனக்கும் அனுப்பு.

பார்சலில் ஸ்ட்ரிப் இரண்டு டப்பா, ரப்பர் பேண்ட் ஒரு கட்டு. அம்மா முறுக்கும் வைத்திருக்கிறாள். அவள் எண்ணித்தான் வைத்தாள், நான் எண்ணவில்லை.

அப்பா