நான்கு நாளில் போன ஒரு டேர்ம் கட்டணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி உங்கள் இதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது, விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கும் ஹோம்ஸ்டே நல்லதா, விடுதி நல்லதா என்று எல்லாம் வருகிறது. பிள்ளை பாதியில் திரும்பி வர நேர்ந்தால் கட்டிய பணம் என்னாகும் என்பது மட்டும் வருவதில்லை. சேர்க்கும்போதே திரும்புவதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. எங்களுக்கும் வரவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகளைப் பதினைந்து வயதில் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். வருடத்துக்கு நான்கு டேர்ம். முழு வருடக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு என்றார் ஏஜென்ட். கட்டிவிட்டோம். முதல் டேர்ம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது டேர்மின் நடுவில் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாடு குறைந்தது. வீடியோ காலில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. பள்ளியின் கவுன்சிலர் மிகவும் அக்கறையோடு பேசினார். “இப்போது அவள் வீட்டில் இருப்பதுதான் நல்லது” என்று அவரேதான் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை போனில் பேசி முடிவெடுத்தோம். அடுத்த வாரமே அவள் வந்து சேர்ந்தாள்.

விலகல் விஷயத்தை ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். “நான் பார்த்துக்கறேன் மேடம், நீங்க பாப்பாவைக் கவனிங்க” என்று பதில் வந்தது. சரி, அவர் பார்த்துக்கொள்வார் என்று டாக்டர், மருந்து, ஓய்வு என எங்கள் கவனமெல்லாம் அவள் மேலேயே போய்விட்டது. நாலைந்து வாரம் கழித்து ரீஃபண்ட் பற்றிக் கேட்டபோதுதான், பெற்றோர் கையெழுத்திட்ட விலகல் படிவம் பள்ளிக்கு இன்னும் வரவே இல்லை என்று தெரிந்தது. அன்றே அனுப்பினோம். அது அட்மிஷன் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது டேர்ம் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது.

அன்று இரவுதான் ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்து நானும் என் கணவரும் வரிவரியாகப் படித்தோம். பதினேழாம் பக்கம், சிறிய எழுத்து. விலகுவதானால் ஒரு முழு டேர்ம் முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். தராவிட்டால் அந்த டேர்மின் கட்டணம் திரும்பாது. பிள்ளை வகுப்புக்குக் கடைசியாகப் போன நாளை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை, எழுத்து மூலமான நோட்டீஸ் பள்ளிக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு. என் கணவர் அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார். கையெழுத்துப் போட்ட அன்று அதே பக்கத்தின் அடியில் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது.

கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு உதவும். போனில் பேசிய அந்த வெள்ளிக்கிழமையே நான்கு வரி மெயில் அனுப்பியிருந்தால், மூன்றாவது டேர்ம் நோட்டீஸுக்குப் போய், நான்காவது டேர்ம் கட்டணம் முழுதாகத் திரும்பியிருக்கும். மூன்றாவது டேர்ம் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்ததால் அந்த டேர்மும் போச்சு, நோட்டீஸுக்காக நான்காவதும் போச்சு. நான்கு நாள் தாமதத்துக்கு ஒரு முழு டேர்ம் கட்டணம். திரும்பி வந்தது ஹோம்ஸ்டே பணத்தின் மிச்சம் மட்டும்தான். அதிலும் நான்கு வார நோட்டீஸ் கழித்த பிறகு.

நோட்டீஸ் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வருட நடுவில் காலியாகும் வெளிநாட்டு மாணவர் இடத்தைப் பள்ளி உடனே நிரப்ப முடியாது. இன்னொரு பிள்ளை விண்ணப்பித்து, விசா கிடைத்து வருவதற்கு மாதக்கணக்கு ஆகும். ஆசிரியர் சம்பளம் அதற்காக நிற்காது. இதெல்லாம் நியாயம். ஆனால் பள்ளியின் கவுன்சிலரே வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பிள்ளையும், மனம் மாறி வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளையும் ஒரே விதியில் வருவது எப்படி நியாயமாகும்? அவள் கிளம்பும் தேதி பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். விமான நிலையத்துக்கு அழைத்துப் போனதே பள்ளி ஊழியர்தான். அப்போது ஒருவராவது “இந்தப் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடுங்கள்” என்று சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்குக் கிடைக்காமல் போனது.

இதற்குப் பிறகு மற்ற நாடுகளில் என்ன விதி என்று தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால், பிள்ளை வகுப்பில் சேருமுன் பாதிக்கு மேல் கல்விக் கட்டணத்தைப் பள்ளி கேட்டு வாங்க முடியாது. பெற்றோரே விரும்பிக் கட்டினால் கட்டலாம். விசா மறுக்கப்பட்டு, படிப்பும் தொடங்கியிருக்கவில்லை என்றால், கட்டியதில் 5 சதவீதம் அல்லது 500 ஆஸ்திரேலிய டாலர், இரண்டில் எது குறைவோ அதைத்தான் பிடித்துக்கொள்ளலாம். பள்ளியே படிப்பை நிறுத்திவிட்டால் 14 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது வேறு இடத்தில் சேர்த்துவிட வேண்டும். பள்ளி அதைச் செய்யாவிட்டால் கைகொடுக்க 2012 முதல் தனியாக ஒரு கட்டணப் பாதுகாப்பு அமைப்பே இயங்குகிறது. மாணவர் தானாக விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை அங்கேயும் ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தம் எளிய மொழியில் இருக்க வேண்டும், கட்டணம் வாங்கும்போதோ அதற்கு முன்போ கையெழுத்தாகியிருக்க வேண்டும், ரீஃபண்டை எழுத்தில் கேட்டால் நான்கு வாரத்துக்குள் தர வேண்டும்.

நியூசிலாந்திலும் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகளுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பு உண்டு. விசா கிடைக்காமல் போவது, மாணவரே விலகுவது, பள்ளி படிப்பை நிறுத்துவது எனத் தனித்தனி நிலைமைகளில் ரீஃபண்ட் எப்படி என்று பெற்றோருக்கு விளங்கும்படி சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் தனியார் பள்ளிகளில் ஒரு டேர்ம் நோட்டீஸ் பழைய வழக்கம். ஆனாலும் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நியாயமற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. ஆக, இது யாரும் யோசிக்காத விஷயம் இல்லை. எங்கள் மகள் போன இடத்தில் இந்த மாதிரி தெளிவு இல்லை, அவ்வளவுதான்.

பணம் திரும்பி வரும் வழியிலும் எங்களுக்குத் தெரியாதது நிறைய இருந்தது. கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே ரீஃபண்ட் வரும் என்றார்கள். நாங்கள் அவசரத்தில் என் தம்பி கணக்கிலிருந்து அனுப்பியிருந்தோம். அவன் கையெழுத்து, அடையாளச் சான்று, வங்கிக் கடிதம் என்று அதற்கே மூன்று வாரம் போனது. வங்கிக் கட்டணமும் மாற்று விகித வித்தியாசமும் எங்கள் தலையில். மருத்துவ இன்ஷூரன்ஸின் மிச்சத்தைப் பள்ளி தராது, இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். அங்கே அவளுக்குப் பொறுப்பாளராக இருந்த கார்டியனுக்குக் கட்டியது வேறு கணக்கு. பதிவுக் கட்டணம் எப்போதும் திரும்பாது. இதில் ஒன்றைக்கூட ஏஜென்ட் முன்னால் சொல்லவில்லை. அவருக்குச் சேர்க்கையில் கமிஷன் உண்டு, விலகலில் ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் முக்கியம். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை தானே விலக முடியாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும். விலகினால் விசாவும் பாதிக்கப்படும். அந்தப் பயத்தில் எத்தனையோ பெற்றோர் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். டேர்ம் மாறுகிற தேதி அவர்களுக்காகக் காத்திருக்காது.

பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விலகல் தேதியும் அந்தத் தேதிக்கு எவ்வளவு பணம் திரும்பும் என்பதும் கட்டண பில்லின் முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு இருக்கட்டும். உடல்நலம், குடும்பத்தில் மரணம், விசா மறுப்பு இவற்றுக்குத் தனி விதி இருக்கட்டும். பிள்ளை ஊர் திரும்புகிறாள் என்று தெரிந்த அன்றே படிவத்தை அனுப்பி, கடைசித் தேதியைச் சொல்லட்டும். பெற்றோருக்கு: ஏஜென்ட்டிடம் சொன்னால் பள்ளியிடம் சொன்னதாக ஆகாது. அட்மிஷன் அலுவலகத்துக்கே மெயில் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வரும்வரை விடாதீர்கள். தள்ளுபடிக்காக முழு வருடத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். டேர்ம் டேர்மாகக் கட்டியிருந்தால் நாங்கள் இன்று நான்காவது டேர்ம் பணத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்க மாட்டோம்.

உடல்நலக் காரணத்தைச் சொல்லி, கவுன்சிலரின் மெயிலையும் டாக்டர் சான்றையும் இணைத்துப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது. மகள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள், வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அடுத்து வெளிநாட்டுப் படிப்புக்கென்று சிறப்புப் பக்கம் வெளியிடும்போது ரீஃபண்டுக்கும் விலகலுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பதினேழாம் பக்கத்தைப் பெயர்களை மறைத்து அனுப்பித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்