ஞாயிறு இரவு கதவை ஏன் மூடினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அரங்கில் நடந்த மெல்லிசைக் கச்சேரிக்கு பாஸ் கையில் இருந்தும் உள்ளே வர முடியாமல் திரும்பியவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அல்சூர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன். கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு வேண்டியவர்களைப் பின்வாசல் வழியாக விட்டார்களாம். கதவை மூடியது உண்மை. பின்வாசல் கதை பொய்.

அங்கே நடந்தது இதுதான். ஏழரை மணி வாக்கில் ஒரு அம்மாவுக்குப் புழுக்கத்தில் தலை சுற்றியது. பின்வாசல் வழியாக அழைத்துவந்து படியில் உட்காரவைத்தோம். அவர் மகள் பாஸாலேயே விசிறிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் கழித்து இருவரையும் அதே வழியாக உள்ளே அனுப்பினோம். போனில் படம் எடுத்தவர் பார்த்தது அந்த இரண்டு பேரைத்தான். வேண்டியவர்களை விடுவதாக இருந்தால் என் சொந்தத் தம்பி குடும்பம் தெருவிலிருந்தே திரும்பிப் போயிருக்குமா?

எங்கள் லைசென்சில் இருப்பது 280 பேர். விழாக் குழுவினர் 400 பாஸுக்கு மேல் அச்சடித்திருந்தது அன்று மாலைதான் தெரிந்தது. "நடுவுல நாற்காலி போடுங்க சார், ஒரு நாள்தானே" என்றார்கள். டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் செத்தார்கள். பால்கனியில் கூடுதல் நாற்காலி போட்டு வழியை அடைத்திருந்ததால் புகை சூழ்ந்தபோது வெளியே வர முடியவில்லை. நம் பெங்களூரிலேயே 1981இல் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 90க்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இந்த அரங்கை ஆரம்பித்த என் அப்பா, அதன்பிறகு எங்கே போனாலும் வெளியே போகும் கதவைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

கவனக்குறைவால் ஒரு உயிர் போனால் பாரதிய நியாய சம்ஹிதை 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பாஸ் அடித்தது வேறு யாரோ என்று சொல்லி அரங்கக்காரன் தப்ப முடியாது, தப்பவும் கூடாது.

தப்பு எங்கள் பக்கம் ஒன்று உண்டு. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானத்தில் 11 பேர் இறந்தது வாசல் நெரிசலில்தான். அப்படியிருக்க, கதவு வரை உங்களை வரவிட்டு மூடியிருக்கக் கூடாது. தெருமுனையிலேயே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பல வருடம் வாசலைப் பார்த்துக்கொண்ட அண்ணன் போன மாதம் தர்மபுரிக்கே போய்விட்டார். புதுப் பையனுக்கு உள்ளே போகும் தலைகளை எண்ணத் தெரிந்தது, கூட்டத்திடம் பேசத் தெரியவில்லை. இனி தெருமுனையில் நானே நிற்பேன்.

பொங்கல் பட்டிமன்றம், பிள்ளைகளின் அரங்கேற்றம், சீமந்தம் என்று எல்லாவற்றுக்கும் எங்களையே தேடி வந்தவர்கள் நீங்கள். கொரோனா நேரத்தில் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்த குடும்பங்களை மறக்க மாட்டேன். திங்கட்கிழமை காலை போன் செய்து "நீ செஞ்சது சரிப்பா" என்ற பெரியவருக்கும் நன்றி.

பாஸ் பணத்தை விழாக் குழுவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வாடகை 2,500 ரூபாய் கூடுகிறது.

சனிக்கிழமை சலங்கை பூஜைக்கு வருகிறவர்கள் பக்கக் கதவுக்கு எதிரே வண்டி நிறுத்த வேண்டாம். செருப்பையும் அங்கே குவிக்காதீர்கள். எதிர்ச் சுவரோரம் புதிதாக ஸ்டாண்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அரங்க உரிமையாளர்
அல்சூர், பெங்களூரு