விபிஎன் இணைந்தும் ஷேர் டிரைவ் திறக்காதவர்களுக்கு
கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் கிளை நண்பர்களே, விபிஎன் (வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) இணைந்தும் இசட் டிரைவில் (ஆபீஸ் சர்வரிலுள்ள ஷேர் டிரைவ்) சிவப்புப் பெருக்கல் குறி நின்றால் சும்மா ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்காதீர்கள்.

எக்ஸ்ப்ளோரரில் சர்வர் பெயருக்குப் பதில் இரண்டு பின்சாய்வுக்கோடு (\\) போட்டு அதன் ஐபியை (நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி) அடியுங்கள். திறந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (சர்வர் பெயருக்கு ஐபி கண்டுபிடிக்கும் அமைப்பு), ஐடி குழுவான எங்களிடம் சொல்லுங்கள்.

திறக்காவிட்டால் பெரும்பாலும் வீட்டு ரவுட்டர்தான். நம் ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1 வரிசை; பல ரவுட்டர்களும் அதையே கொடுக்கும். கம்ப்யூட்டர் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும், டனல் (விபிஎன் பாதை) பக்கமே போகாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் திறந்தால் சந்தேகமே வேண்டாம்: ரவுட்டரின் லேன் (வீட்டு நெட்வொர்க்) ஐபியை 192.168.50.1 என மாற்றி ரீபூட் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றியவர்கள் விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை அழிக்கவும். கம்ப்யூட்டர் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பியே அக்கவுண்ட் லாக் ஆகிறது.

கரண்ட் போய் வந்தால் முதலில் விபிஎன், பிறகுதான் டிரைவ்.