தேர்ச்சி விழுக்காடு கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பள்ளிக்கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கும், எல்லா மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும், வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் முதுகலை ஆசிரியர் நான். பெயர் போடாததன் காரணம் உங்களுக்கே தெரியும். மாணவர் மனநலம் குறித்து நீங்கள் அனுப்பும் சுற்றறிக்கைகள் நல்லவை. அவற்றை எழுதியவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுற்றறிக்கை வந்த அதே வாரத்தில் தேர்ச்சி ஆய்வுக் கூட்டமும் நடக்கிறது. எங்கள் பள்ளிகளில் ஜெயிப்பது எப்போதும் இரண்டாவதுதான்.

காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் என்று ஒவ்வொரு தேர்வும் முடிந்த கையோடு தலைமையாசிரியர்களைக் கூட்டி உட்கார வைக்கிறீர்கள். திரையில் பள்ளி வாரியாக விழுக்காடு வருகிறது. குறைந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எல்லா மாவட்டத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், மரியாதையாகப் பேசும் அலுவலர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும், ஓய்வு பெற ஓரிரு ஆண்டே மிச்சமிருக்கும் ஒரு தலைமையாசிரியர், இருநூறு பேர் நடுவே மைக்கில் பெயர் சொல்லி எழுப்பப்பட்டு, "ஏன் குறைந்தது?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பது இந்தத் துறையில் யாருக்கும் புதிய காட்சி அல்ல.

அந்த வசவு அந்த மண்டபத்தோடு முடிந்துவிட்டால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. மறுநாள் பள்ளியில் அவசர ஆசிரியர் கூட்டம். "கெமிஸ்ட்ரில பதினாறு பேரு ஃபெயிலு. அங்க நின்னு பேச்சு வாங்குனது நான்தானே?" என்று தலைமையாசிரியர் கேட்கிறார். அதற்கடுத்த பாடவேளையில் வேதியியல் ஆசிரியர் வகுப்புக்குள் போகிறார். பதினாறு பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். சாயங்காலம் பெற்றோருக்குப் போன் போகிறது. கூலிவேலை முடித்து வந்த அப்பாவுக்குப் பாடமும் புரியாது, மதிப்பெண் கணக்கும் புரியாது. டீச்சர் போன் பண்ணினார் என்பது மட்டும் புரியும். மண்டபத்தில் தொடங்கியது அந்த வீட்டில்தான் போய் இறங்குகிறது. அந்தப் பிள்ளைக்குக் கீழே இறக்கிவைக்க ஆள் இல்லை.

2017ல் மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பிள்ளைகளிடையே வீண்போட்டி வேண்டாம் என்ற நல்ல எண்ணம். பிள்ளைகளின் ரேங்க் போனது, மாவட்டங்களின் ரேங்க் அப்படியே இருக்கிறது. பிளஸ் டூ முடிவில் 2024 மே மாதம் திருப்பூர் 97.45 விழுக்காட்டோடு முதலிடம், 2025 மே மாதம் அரியலூர் 98.82 விழுக்காட்டோடு முதலிடம். முதல் மாவட்டத்தில் இனிப்பு கொடுக்கிறார்கள். கடைசியில் வந்த மாவட்டத்தில் ஜூன் மாதமே சிறப்பு வகுப்பு தொடங்கிவிடுகிறது. 2025ல் பிளஸ் டூ எழுதியவர்கள் 7,92,494 பேர், தேர்ச்சி பெற்றவர்கள் 7,53,142 பேர், அதாவது 95.03 விழுக்காடு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பாஸ் ஆகும் தேர்வில் ஃபெயில் ஆவது எப்படிப்பட்ட அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் படித்த காலத்தில் ஃபெயில் ஆனவனுக்குத் தெருவுக்கு நாலு கூட்டாளிகள் இருந்தார்கள். இப்போது அவன் ஊருக்கு ஒருத்தன்.

தேர்ச்சிக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், அதில் 15 எடுத்தாக வேண்டும். செய்முறை, அகமதிப்பீடு சேர்த்து மொத்தம் 35. அந்தப் பதினைந்தை எடுக்க வைக்கத்தான் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போடுகிறோம். அவர்களைத் தனியே உட்கார வைத்து, மினிமம் மெட்டீரியல் என்று ஒரு கையேட்டைக் கொடுத்து, திரும்பத் திரும்ப எழுத வைக்கிறோம். என் பாடத்தில் அது வான் டி கிராஃப் மின்னியற்றி. படம் வரைந்து, பாகம் குறித்து, ஐந்து மதிப்பெண். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை ஒரு பையன் அதையே எழுதிக்கொண்டிருப்பான். லீவு நாளில் ஒயரிங் வேலைக்குப் போய் த்ரீ-பேஸ் மோட்டாருக்கு இணைப்பு கொடுக்கத் தெரிந்த பையனாகவும் அவன் இருப்பான். அந்த வேலையைப் பற்றி அவனிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு நேரம் கிடையாது. பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து தன்னைப் பற்றி அவனே என்ன நினைத்துக்கொள்கிறான் என்று அறிய எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இதைச் சட்டமும் இப்போது பேசுகிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகி வந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் கல்வி நிறுவனங்களுக்குப் பதினைந்து வழிகாட்டுதல்கள் உள்ளன. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைக் குழு பிரிப்பதையும், எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதையும், சக்திக்கு மீறிய இலக்கு வைப்பதையும் இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்கிறது. ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தரச் சொல்கிறது. கோச்சிங் சென்டர்களைத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று நாம் தள்ளிவிட முடியாது. பள்ளிகளும் அதில் அடக்கம்.

ஆலோசகர் என்றதும் ஓர் ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, "இனி நீங்கதான் கவுன்சிலர்" என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து இந்த முறை அது வேண்டாம். விலங்கியல் டீச்சரிடம் விலங்கியலில் ஃபெயில் ஆன பெண் மனம் திறந்து பேச மாட்டாள். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்தீர்கள், யோசனை அருமை. ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் அது பெரும்பாலும் தலைமையாசிரியர் அறை வாசலில்தான் தொங்குகிறது. கடிதம் போடும் கை யாருடையது என்று அலுவலக உதவியாளருக்குக்கூடத் தெரிந்துவிடும். மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத, பள்ளிக்குள் யாருக்கும் பயப்படத் தேவையில்லாத ஒருவர் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வந்து உட்கார வேண்டும். பள்ளிக்கு ஒருவர் முடியாவிட்டால், நாலைந்து பள்ளிக்கு ஒருவர் என்றாவது தொடங்குங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம்.

காலைச் சிற்றுண்டித் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. எட்டு மணிச் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டுமென்றால் அந்தப் பெண் ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அம்மா அதற்கு முன்பே நூறுநாள் வேலைக்கோ மில்லுக்கோ கிளம்பியிருப்பார். இருந்தால் பழையது, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. மதியம் கொண்டுவந்த சாப்பாட்டை மூன்று பேர் பகிர்ந்து தின்கிறார்கள். சாயங்காலச் சிறப்பு வகுப்பு ஆறு, ஆறரை வரை போகும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் காசு இருக்கும் பள்ளியில் சுண்டல் உண்டு. மற்ற பள்ளிகளில் தண்ணீர்தான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடாத மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் இருக்கிறாரா? "கவனம் சிதறுகிறது", "ஆர்வமில்லை", "எரிச்சலாகப் பேசுகிறாள்" என்று நாங்கள் ஆய்வுப் படிவத்தில் எழுதுகிறோமே, அதில் பாதி பசி. மீதியில் பாதி தூக்கமின்மை. மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்னால் இந்த இரண்டையும் நாமே சரி செய்யலாம். சத்துணவை இன்னும் இரண்டு வகுப்புக்கு நீட்டுவது உங்கள் ஒரு துறையின் கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். ஆனால் இந்த அரசில் யாராவது அதைக் கேட்க வேண்டுமென்றால், முதலில் கேட்க வேண்டியது நீங்கள்தான். சிறப்பு வகுப்பு நேரத்தைக் குறைப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு பைசா செலவில்லை.

உடற்கல்விப் பாடவேளை பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு அது கால அட்டவணையில் இருக்கிறது, மைதானத்தில் இல்லை. அந்த நேரத்தைக் கணக்கு ஆசிரியரும் நானும் மாறி மாறி எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது தேர்ச்சி விழுக்காட்டில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம். அந்த எண்ணை உயர்த்த இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பின்தங்கிய பிள்ளையைப் படிக்க வைப்பது. இன்னொன்று, அந்தப் பிள்ளை தேர்வறைக்கே வராமல் இருப்பது. தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் விழுக்காடு போடுகிறீர்கள். வராதவன் கணக்கில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே "டிசி வாங்கிக்கிட்டு ஐடிஐ-ல சேர்த்துவிடுங்க" என்று பெற்றோரிடம் சொல்லப்படுவதும், "பிரைவேட்டா எழுதிக்கலாம்பா" என்று பையனிடம் நைசாகப் பேசப்படுவதும் எதனால்? ஐடிஐ நல்ல இடம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விரும்பிப் போவது வேறு, தள்ளிவிடப்படுவது வேறு. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வு அன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்றதும் மாநிலமே அதிர்ந்தது. எங்களுக்கு அது அதிர்ச்சியாக இல்லை. அவர்களில் பலர் மாதக்கணக்கில் வகுப்புக்கு வராதவர்கள். கேட்டரிங் வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், கல்யாணம் பேசப்பட்ட பெண்கள், மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் இருந்ததாலேயே பள்ளி வாசலை மிதிக்கக் கூசியவர்கள். எமிஸ் என்னும் துறையின் கணினிப் பதிவேட்டில் பெயர் இருந்தது, பெஞ்சில் ஆள் இல்லை.

துறை நல்லது எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தோற்றவர்கள் ஓராண்டை வீணாக்காமல் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும் என்று நம்புகிறேன். முடிவு வெளியானதும் தேர்ச்சி பெறாதவர்களை 104 மருத்துவ உதவி மையத்திலிருந்து போனில் கூப்பிட்டு ஆலோசகர்களைப் பேசச் செய்ததும் அப்படியே. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்ததும் மூச்சு விட வைத்த முடிவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவிய பள்ளிகளை மடக்கத்தான் 2017-18ல் அந்தத் தேர்வு வந்தது. இப்போது பழைய கதை திரும்பினால், இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே அரைக்கும் தண்டனை பிள்ளைகளுக்கு மறுபடி கிடைக்கும். தனியார் விடுதிப் பள்ளிகளை இந்த விஷயத்தில் கண்காணியுங்கள். விடுதியில் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை என்ன நடக்கிறது என்று முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். ஆய்வுக் கூட்டத்தில் பள்ளி வாரியாக விழுக்காடு வாசிப்பதை நிறுத்துங்கள். எண் இல்லாமல் நிர்வாகம் நடக்காது என்றால் வேறு எண்ணைக் கேளுங்கள். ஜூன் மாதம் பதினோராம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இரண்டு ஆண்டு கழித்து மார்ச்சில் தேர்வறையில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? எமிஸில் இது ஏற்கெனவே இருக்கிறது, ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும். அந்த எண்ணில் நல்ல பெயர் வாங்க வேண்டுமென்றால் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும், குறுக்கு வழி இல்லை. மே மாதம் முடிவு வெளியிடும்போது மாவட்டங்களை வரிசைப்படுத்தி அறிவிப்பதையும் விட்டுவிடுங்கள். விழுக்காடு குறைந்த ஆசிரியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவதற்கு முன்னால், அவர் பள்ளியில் எத்தனை முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது என்று பாருங்கள்.

104 அழைப்பைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அரையாண்டு விடைத்தாள் கொடுக்கும் வாரத்திலும், திருப்புதல் தேர்வுகள் நெருக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம் என்பதை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுத உத்தரவிடுங்கள். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினால் போதாது. இதைப் படிக்கும் மாணவர் யாராவது இருந்தால், தாங்க முடியாத பாரமாக இருந்தால், இப்போதே அந்த எண்ணுக்குப் பேசலாம். ஏதாவது சொல்லத் தோன்றும் வரை காத்திருக்க வேண்டாம். "பேசணும்னு தோணுச்சு" என்று சொன்னாலே போதும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு நீங்கள் எங்கள் தலைமையாசிரியரை அழைப்பீர்கள். அந்த அழைப்புக் கடிதத்தோடு எப்போதும் ஒரு படிவம் வரும்: பாட வாரியாகத் தேர்ச்சி, நூற்றுக்கு நூறு, மெல்லக் கற்போர் எண்ணிக்கை. இந்த முறை அந்தப் படிவத்தை மாற்றி அனுப்புங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயர், யார் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், என்ன காரணம், பள்ளியால் முடியாத எந்த உதவி தேவை என்று நாலு கட்டம் இருந்தால் போதும். எங்கள் பள்ளிப் படிவத்தை நிரப்பித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர்